இத்தாலியச் சிந்தனையில் அரசதிகாரமும் தண்டனையும்

இத்தாலியில் அரசதிகாரம், குற்றம், தண்டனை ஆகியவை பற்றிய விவாதம் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தொடர்ந்து நடந்துவந்திருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள ஓர் அரசு குடிமகனின் உடல்மீதும் உயிர்மீதும் எதுவரை கைவைக்கலாம் என்பதே அதன் மையக் கேள்வி. 1861 வரை இத்தாலி ஒரே நாடாக இல்லை. குடியரசுகள், சிற்றரசுகள், போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதி, அயல்நாட்டு மன்னர்களின் மாகாணங்கள் எனப் பிரிந்து கிடந்தது. எனவே ஓர் ஊரில் எழுதப்பட்ட நூல் இன்னோர் ஊரில் சட்டமாவதும், வேறோர் ஊரில் தடைசெய்யப்படுவதும் இயல்பாக இருந்தது.

புளோரன்ஸ் குடியரசின் செயலாளராக 1498 முதல் பணியாற்றிய நிக்கோலோ மாக்கியவெல்லி (1469–1527) தண்டனையை ஆட்சிக் கருவியாகவே பார்த்தார். 1502-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் செசேனா நகரில் தூதராக இருந்தபோது, ரொமாஞ்ஞா பகுதியைப் பிடித்திருந்த செசாரே போர்ஜா தன் சொந்த அதிகாரியான ரமிரோ தே லோர்காவைக் கொல்வித்து, உடலை இரு துண்டாக நகரச் சதுக்கத்தில் கிடத்தினார். அந்த அதிகாரியைக் கொண்டே கடுமையாக ஒழுங்கை நிலைநாட்டிவிட்டு, மக்களின் வெறுப்பையும் அவர் தலையிலேயே கட்டி அழித்த செயல் அது. ‘இளவரசன்’ நூலில் மாக்கியவெல்லி இதைப் பின்பற்றத்தக்க செயலாகவே எடுத்துக்காட்டுகிறார். மக்கள் ஆட்சியாளனுக்கு அஞ்சலாம், ஆனால் அவனை வெறுக்கக் கூடாது. கடுமை காட்ட வேண்டியிருந்தால் ஒரே வீச்சில் காட்டி முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதிகாரத்தின் கடுமையை அவர் தம் உடலிலும் அறிந்தவர். மெதிச்சி குடும்பம் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், 1513 பிப்ரவரியில் சதிக் குற்றச்சாட்டில் கைதானார். கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் உயரத் தூக்கி, திடீரெனக் கீழே விடும் சித்திரவதைக்கு உள்ளானார். விடுதலையான அதே ஆண்டில் ‘இளவரசன்’ நூலை எழுதினார். அது அச்சானது அவர் மறைந்தபின் 1532-இல். 1589-இல் ஜொவான்னி பொத்தேரோ வெளியிட்ட நூல், அரசைக் காக்க ஆட்சியாளர் எதைச் செய்யலாம் என்னும் ‘அரச நியாயம்’ என்ற கருத்தைக் கிறித்தவ அறத்தோடு பொருத்த முயன்றது.

அக்கால நீதிமன்றங்களில் சித்திரவதை சட்டம் அனுமதித்த விசாரணை முறை. ஒப்புதல் வாக்குமூலமே தலைசிறந்த சான்று எனக் கருதப்பட்டதால், அரைகுறைச் சான்று இருந்தால் அதை முழுமையாக்கக் கயிறு பயன்பட்டது. இதன் கொடிய விளைவு 1630-இல் மிலானில் வெளிப்பட்டது. கொள்ளைநோய் பரவிய அவ்வாண்டில், சுவர்களில் நஞ்சுக் களிம்பு பூசி நோயைப் பரப்பியதாகச் சுகாதார அலுவலர் குலியெல்மோ பியாட்சாவும் நாவிதர் ஜான் ஜாக்கொமோ மோராவும் பிடிபட்டனர். வலி தாளாமல் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ‘அவமானத் தூண்’ நிறுத்தப்பட்டது. நீதிமன்றத்தின் குற்றத்தையே அறிவித்துக்கொண்டு அந்தத் தூண் 1778 வரை நின்றது.

அத்தூண் நின்ற நகரத்திலிருந்தே மாற்றுக் குரல் எழுந்தது. 1760-களில் பியேத்ரோ வெர்ரியின் வீட்டில் இளம் பிரபுக்கள் கூடி விவாதித்தனர். அவருடைய தம்பி அலெஸ்ஸாந்த்ரோ வெர்ரி கைதிகளின் நலம் காக்கும் பதவியில் இருந்ததால், சிறைக்குள் நடப்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அங்கு உருவானதுதான் சேசரே பெக்காரியா (1738–1794) எழுதிய ‘குற்றங்களும் தண்டனைகளும்’. 1764-இல், மிலானுக்கு வெளியே தஸ்கனியின் லிவோர்னோ துறைமுகத்தில், ஆசிரியர் பெயரின்றி அந்தச் சிறு நூல் அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது 26.

சித்திரவதை வலுவான உடல் படைத்த குற்றவாளியைத் தப்பவிட்டு, நலிந்த நிரபராதியைச் சிக்கவைக்கிறது என்று பெக்காரியா காட்டினார். தண்டனையின் நோக்கம் மேலும் தீங்கு நேராமல் தடுப்பதே. அதைச் சாதிப்பது கொடுமையின் அளவல்ல, தண்டனை தப்பாது வரும் என்ற உறுதியும் அது விரைவாக வருவதும்தான். சமூக ஒப்பந்தத்தில் எவரும் தம்மைக் கொல்லும் உரிமையை அரசுக்குக் கொடுத்திருக்க முடியாது என்பதால் மரண தண்டனைக்கு அடிப்படையே இல்லை. அதற்குப் பதிலாக ஆயுள் முழுவதும் கடும் உழைப்பு போதும் என்றார். ஆயினும் ஒரு விலக்கை அவர் விட்டுவைத்தார். சிறையில் இருந்தபடியே நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் செல்வாக்கு ஒருவருக்கு இருக்குமானால், அவரது மரணம் தேவைப்படலாம் என்பதே அது. பிற்கால இத்தாலிய அரசுகள் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தபோது பெரும்பாலும் அரசின் பாதுகாப்பையே காரணம் காட்டியதால், நூலில் கவனமாகப் படிக்கவேண்டிய இடம் இது.

நூல் பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டது. வோல்தேர் அதற்கு விளக்கவுரை எழுதினார். ருஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1767-இல் வெளியிட்ட சட்ட அறிவுரையில் அதன் கருத்துகள் இடம்பெற்றன. ரோம் 1766-இல் நூலைத் தடைசெய்தது.

கருத்தைச் சட்டமாக்கியவர் தஸ்கனியின் ஆட்சியாளர் பியேத்ரோ லியோபோல்தோ. 1786 நவம்பர் 30 அன்று அவர் வெளியிட்ட சட்டத்தொகுப்பு மரண தண்டனையையும் சித்திரவதையையும் ஒழித்தது. ஆட்சியாளருக்கு எதிரான குற்றம் என்ற தனி வகையையே நீக்கியது அதைவிடத் துணிச்சலான செயல். அதற்கு முன்பு எதிர்ப்பாளர்கள் அனைவரையும் அந்தப் பெயரில் தண்டிக்க முடிந்தது. ஆனால் 1790-இல் அவர் பேரரசராக வியன்னாவுக்குச் சென்றபின் கலவரங்கள் மூண்டன. உடனே கலகக்காரர்களுக்கு மட்டும் மரண தண்டனை திரும்பியது; 1795-இல் அது மேலும் விரிந்தது.

நேப்பிள்ஸில் கதை இன்னும் கசப்பானது. கயெத்தானோ ஃபிலாஞ்சியேரி 1780 முதல் வெளியிட்ட ‘சட்டமியற்றும் அறிவியல்’ என்ற பெருநூல் ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது. குற்ற விசாரணை முறையைச் சீர்திருத்த எழுதிய மாரியோ பகானோ, 1799-இல் அமைந்த குறுகிய காலக் குடியரசுக்கு அரசியலமைப்பு வரைந்தார். மன்னராட்சி மீண்டதும் அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று தூக்கிலிடப்பட்டார். போப்பாண்டவரின் ரோமிலோ மரண தண்டனையை நிறைவேற்றும் ஒரே அலுவலர், மாஸ்த்ரோ தித்தா என அழைக்கப்பட்டவர், 1796 முதல் 1864 வரை 516 பேருக்கு அதை நிறைவேற்றினார்.

ஒன்றுபட்ட இத்தாலி இரண்டு தண்டனைச் சட்டங்களோடு பிறந்தது. 1859-இல் மீண்டும் மரண தண்டனையை ஒழித்திருந்த தஸ்கனி அதை ஏற்க மறுத்தது. மற்றப் பகுதிகளில் அது சட்டத்தில் இருந்தது. தெற்கில் கொள்ளைக்கூட்டங்களை ஒடுக்க 1863-இல் வந்த பீக்கா சட்டம் இராணுவ நீதிமன்றங்களுக்குச் சுட்டுக்கொல்லும் அதிகாரம் தந்தது. நீதி அமைச்சர் ஜுசெப்பே ஜானர்தெல்லியின் 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்புதான் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் தந்து மரண தண்டனையை நீக்கியது. 1900-இல் மன்னர் முதலாம் உம்பெர்த்தோவைச் சுட்டுக்கொன்ற கயெத்தானோ பிரேஷிக்குக்கூட ஆயுள் தண்டனைதான் கிடைத்தது.

இதே காலத்தில் எதிர்த்திசைச் சிந்தனை ஒன்று வலுத்தது. மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ 1876-இல் வெளியிட்ட ‘குற்ற மனிதன்’ நூலில், பிறவியிலேயே குற்றவாளியாக அமைந்தவர்களை மண்டையோட்டு அமைப்பால் அடையாளம் காணலாம் என்றார். கலாப்ரியாவைச் சேர்ந்த ஒருவரின் மண்டையோட்டில் கண்ட குழிவே அவருக்கு முதற்சான்று. கொள்கை தவறானது, தென்னித்தாலிய மக்கள்மீதான இழிவுக்கு அது அறிவியல் போர்வை தந்தது. ஆயினும் என்ரிக்கோ ஃபெர்ரி, ரஃபாயேலே கரோஃபலோ ஆகியோருடன் உருவான இந்தப் பள்ளி, செயலை விட்டுச் செய்தவரின் ‘ஆபத்தை’ அளக்கும் வழக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு மேல் தண்டிக்கக் கூடாது என்ற பெக்காரியாவின் வரம்பு இதனால் தளர்ந்தது.

தளர்ந்த வரம்பைப் பாசிச ஆட்சியாளர் முசோலினி கடந்தார். 1926 நவம்பர் சட்டம் மன்னர், அரசாங்கத் தலைவர் ஆகியோரின் உயிருக்கு எதிரான குற்றங்களுக்கு மரண தண்டனையை மீட்டு, அரசைக் காக்கும் தனி நீதிமன்றத்தையும் அமைத்தது. அல்ஃப்ரேதோ ரொக்கோவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அத்தண்டனையை அரசியல் சாராத கடும் கொலைக் குற்றங்களுக்கும் நீட்டியது. முசோலினி 1924-இல் மாக்கியவெல்லியைப் புகழ்ந்து கட்டுரை எழுதியவர். அவருடைய தனி நீதிமன்றம் 1928-இல் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதித்த கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்ஷி, சிறைக் குறிப்பேடுகளில் அதே மாக்கியவெல்லியை வேறு விதமாகப் படித்தார். இக்காலத்து இளவரசன் தனியாள் அல்ல, மக்கள் இயக்கமான கட்சியே என்றார்.

பாசிசம் வீழ்ந்தபின் 1944-இல் மரண தண்டனை நீக்கப்பட்டு, போரை அடுத்த நெருக்கடியில் மறுபடி வந்து, 1947 மார்ச்சில் கடைசியாக நிறைவேற்றப்பட்டது. 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு, தண்டனை மனிதத்தன்மைக்கு மாறாக இருக்கக் கூடாது, குற்றவாளியைச் சீர்ப்படுத்துவதை நோக்க வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கு விதித்த தடையில் போர்க்கால இராணுவச் சட்டத்துக்கு அது விட்டிருந்த விலக்கு 2007-இல் நீக்கப்பட்டது. சித்திரவதை தனிக் குற்றமாகச் சட்டத்தில் இடம்பெற 2017 வரை ஆயிற்று. ரொக்கோவின் சட்டத்தொகுப்பு பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே 1992-இல் மாஃபியாவின் குண்டுக்குப் பலியானபின் விரிவாக்கப்பட்ட கடும் தனிச்சிறை முறை பற்றி நீதிமன்றங்களில் வழக்குகள் தொடர்கின்றன.