எழுத்தாணியும் மின்வரைபலகையும்

மனிதன் தன் எண்ணத்தை வரிவடிவிலே பதித்துவைக்கத் தொடங்கிய நாள்முதலாக இரண்டு பொருள்கள் அவனை விட்டு நீங்கியதில்லை. ஒன்று, கையிற் பிடிக்கும் கருவி. மற்றொன்று, அக்கருவி ஊர்ந்து செல்லும் தளம். உளியும் கல்லும், எழுத்தாணியும் ஓலையும், பேனாவும் தாளும், குச்சியும் சிலேட்டும் என அவை இணையிணையாகவே வந்தன. அவ்வரிசையில் இக்காலத்திற் சேர்ந்திருப்பது மின்வரைபலகை. 'கிராபிக்ஸ் டேப்லட்' என்று கடைகளிலே கேட்டு வாங்கப்படுவது அதுவே. மேசைமீது கிடக்கும் தட்டையான பலகையொன்றில் மையில்லாப் பேனாவாற் கோடிழுத்தால், அக்கோடு பலகையிலே தோன்றாது; எதிரேயுள்ள கணினித் திரையிலே தோன்றும்.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் கரையோர ஊர்களிலே வளரும் முஸ்லிம் பிள்ளையின் கைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. பாடசாலையிலே தமிழை இடமிருந்து வலமாக எழுதும் அதே கை, ஓதற் பள்ளியிலே அறபை வலமிருந்து இடமாக எழுதப் பழகுகின்றது. இரு திசைகளிலும் செல்ல வல்ல கைக்கு எக்கருவி உகந்தது என்னும் வினா இக்கரையோரத்துக்குப் புதியதன்று. அதற்கு விடை காண்பதற்குச் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

பனையோலையில் எழுதிய முன்னோர் ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை வலக்கையிற் பிடித்துக் கீறினர். கீறிய அளவிலே எழுத்துத் தெளிவாகத் தெரிவதில்லை. விளக்குக் கரியையோ பச்சிலைச் சாற்றையோ ஓலைமீது தடவித் துடைத்த பின்னரே வரிகள் கறுத்துப் புலப்படும். எனவே, எழுதுங் கைக்கும் காணுங் கண்ணுக்கும் இடையே ஒரு கால இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியைப் பயிற்சியினாலே அவர்கள் கடந்தனர். கண்ணின் துணை குறைந்தவிடத்துக் கையின் நினைவே எழுத்தைக் காத்தது.

ஆயினும் கருவியின் குறை எழுத்திலே தங்காமற் போகவில்லை. கூரிய எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என அஞ்சி, மெய்யெழுத்துகளின் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தே எழுதினர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் ஒன்றுபோலவே நின்றன. இதனால் விளைந்த இடர்ப்பாடு சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு அச்சிடப் புகுந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்றோர், புள்ளியில்லா எழுத்துகளை எங்ஙனம் படிப்பது என இடந்தோறும் ஆராய்ந்தே துணிய வேண்டியிருந்தது. எழுதுவோன் கைக்கு எளிதாயிருந்த ஒன்று, பல தலைமுறைக்குப் பின் வந்த வாசகன் தலையிலே சுமையாக இறங்கியது. ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தல் ஒரு நாளைய வசதி பற்றிய காரியமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அறபு எழுத்தின் கதை வேறு. அதன் கருவி 'கலம்' எனப்படும் நாணற் பேனா. நாணற்றண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி மையிலே தோய்த்து எழுதுவர். பேனாவின் கோணத்துக்கேற்பக் கோடு ஓரிடத்திற் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்லும். 940 ஆம் ஆண்டு மறைந்த பக்தாத் நகரத்து இப்னு முக்லா, எழுத்துகளின் அளவை வரையறுத்த பெருமைக்குரியவராகப் போற்றப்படுகின்றார். கலத்தின் நுனியாலே இடப்படும் புள்ளியே அம்முறையில் அளவுகோல். ஓர் எழுத்தின் உயரம் இத்தனை புள்ளி என்று கணக்கிட்டனர். கருவியே இலக்கணமாக அமைந்த அருமையை அங்குக் காணலாம்.

இவ்விரு மரபுகளும் கலந்த இடம் அறபுத் தமிழ். தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் தமிழ் மொழியை அறபு எழுத்திலே எழுதினர். அறபிலே இல்லாத தமிழொலிகளுக்காகச் சில எழுத்துகளுக்குக் கூடுதற் புள்ளிகளும் குறிகளும் இட்டனர். ஓலையிலே புள்ளியை இழந்த தமிழ், அறபுத் தமிழிலே புள்ளியாலேயே வாழ்ந்தது. கீழக்கரையைச் சார்ந்தவரும் இலங்கையோடு நெருங்கிய தொடர்புடையவருமான மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இம்முறையில் நூல்கள் இயற்றியவருள் தலைசிறந்தவர்.

அந்நூல்களை அச்சேற்றுவதற்கு ஈய எழுத்துகளினும் கல்லச்சு மிகுந்த துணை புரிந்தது. 1796 ஆம் ஆண்டளவில் செருமனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த முறை அது. கொழுப்பு மையாற் கல்மீது எழுதியதையோ, அம்மையாற் சிறப்புத் தாளில் எழுதிக் கல்லுக்கு மாற்றியதையோ அப்படியே படியெடுக்கலாம். எழுத்தச்சு, வார்த்துவைத்த எழுத்துகளை மட்டுமே ஏற்கும். கல்லோ, கை எழுதிய எதனையும் ஏற்கும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கணினியின் வரலாற்றிலும் இதே வேறுபாடு திரும்பி வருகின்றது.

கை ஓரிடத்தில் எழுத, எழுத்து வேறோரிடத்தில் தோன்றும் விந்தையை மின்சாரம் முதன்முதலாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நிகழ்த்திக் காட்டியது. அமெரிக்கரான எலிசா கிரே 1888 ஆம் ஆண்டிலே 'டெலாட்டோகிராஃப்' என்னும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு முனையிலே பேனா அசைய, கம்பி வழியே சென்ற மின்குறிகள் மறுமுனையிலுள்ள பேனாவையும் அவ்வாறே அசைத்தன. கணினி தோன்றிய பின்னர், 1963 ஆம் ஆண்டிலே, ஐவன் சதர்லாந்து 'ஸ்கெட்ச்பேட்' என்னும் செயன்முறையை ஆக்கி, ஒளிப்பேனாவைத் திரைமீதே வைத்து வரையலாம் எனக் காட்டினார். நிமிர்ந்து நிற்கும் திரைக்கு நேரே நெடும்பொழுது கையை உயர்த்தி வைத்திருப்பின் தோள் சோர்ந்துவிடும் என்பது அம்முறையின் குறை.

அக்குறையைத் தீர்த்தது 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராண்ட்' பலகை. ராண்ட் நிறுவனத்து டேவிஸ், எல்லிஸ் என்னும் இருவர் அதனை விளக்கி எழுதினர். ஏறத்தாழப் 10 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 100 கோடுகள். பேனா நிற்கும் இடம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளுள் எதுவென அது கண்டறிந்தது. பலகை மேசையிலே கிடக்க, கண் திரையிலே நின்றது. ஓலையில் எழுதியவன் கடந்தது கால இடைவெளி. இங்கே கடக்க வேண்டியது இட இடைவெளி. பழகிய கை இதனையும் எளிதிலே கடந்தது.

அதே 1964 ஆம் ஆண்டிலே டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் 'மவுஸ்' எனப்படும் சுட்டியின் முதல் மாதிரியும் உருவாயிற்று. ராண்ட் பலகையின் விலை 18,000 டொலர் எனப்படும். சுட்டியோ மலிவாகச் செய்யத் தக்கது. ஆதலின் உலகெங்கும் மேசைகளிலே பரவியது சுட்டியே. பொருள்களைச் சுட்டிக்காட்டுவதற்கு அது போதும். ஆயின், அதனாற் படம் வரைவது சிரட்டையைக் கையிற் பிடித்து ஒப்பமிடுவது போன்றது. விசைப்பலகையும் சுட்டியும் ஆண்ட அக்காலத்திலே கணினி ஈய எழுத்துப் போலாயிற்று. முன்னரே செய்துவைத்த எழுத்தை ஏற்றது, கையின் வளைவை ஏற்கவில்லை.

கைக்கு மீண்டும் வாயில் திறந்ததில் சப்பான் நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1983 ஆம் ஆண்டிலே அங்குத் தொடங்கிய 'வாக்கம்' நிறுவனம், கம்பி இணைப்பில்லாத பேனாவோடு கூடிய பலகையை அடுத்த ஆண்டிலே வெளியிட்டது. அந்நிறுவனத்தின் பலகைகள் பின்னர்க் கையாண்டு புகழ்பெற்ற முறையிலே பேனாவுக்கு மின்கலமும் வேண்டுவதில்லை. பலகையின் அடியிலே பரப்பிய நுண்கம்பிகள் மாறுங் காந்தப்புலத்தை எழுப்புகின்றன. பேனாவினுள்ளே இருக்கும் சிறு சுருள் அதற்கு ஒத்ததிர்ந்து மறுகுறி அனுப்புகின்றது. எந்தக் கம்பியிலே அக்குறி வலிதாகக் கேட்கின்றது என்பதைக் கொண்டு பலகை இடத்தை அறிகின்றது. நுனியை அழுத்துங்கால் அதிர்வு சிறிது மாறுவதனால் அழுத்தத்தையும் அறிகின்றது. கலத்தின் பருமையும் மென்மையும் இவ்வாறு கணினிக்குள்ளே புகுந்தன.

இனி, தெரிவுக்கு வருவோம். விற்பவர் முதலிற் சொல்வது எண்களையே. அழுத்தப் படிகள் 1,024 ஆக இருந்து 2,048 ஆகி, இப்போது 8,192 என்றும் அதற்கு மேலும் கூறப்படுகின்றன. எண் பெரிதாவதனால் மட்டும் கோடு செம்மையுறுவதில்லை. மிக மெல்லத் தொட்டாலும் பேனா உணருகின்றதா, மெதுவாக இழுத்த சாய்கோடு நடுங்காமல் வருகின்றதா என்பவையே ஆராயத் தக்கவை. அளவைப் பொறுத்தவரை, 6 அங்குல அகலமுள்ள சிறு பலகை மணிக்கட்டின் அசைவுக்குப் போதும். 10 அங்குலப் பலகையிலே முழங்கையும் தோளும் சேர்ந்தியங்கலாம். நீண்ட வளைவுகள் நிறைந்த அறபு எழுத்தணிக்கும் பெரிய ஓவியத்துக்கும் பின்னதே உகந்தது. கணக்குப் பாடம் எழுதிக் காட்டுவதற்கு முன்னது போதும்.

திரையோடு கூடிய பலகைகளும் உண்டு. அவற்றிலே கையும் கண்ணும் ஓரிடத்திற் கூடும். விலையோ பன்மடங்கு ஏறும். திரையில்லாப் பலகை கணினியிலிருந்தே மின்சாரம் பெறும். திரையுள்ளவற்றுட் பலவற்றுக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். முதன்முதற் பழகும் மாணாக்கனுக்குத் திரையில்லாப் பலகையே போதும். 'கிரீட்டா', 'இங்க்ஸ்கேப்' போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன என்பதையும் குடும்பத்தார் அறிதல் நன்று. பொருட்செலவைக் கேட்டே பின்வாங்கும் வீடுகள் இக்கரையோரத்திற் பல.

வாங்கிய பின் செய்ய வேண்டுவன சில. பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்திருக்குமாறு அமைத்தல் முதற்கடமை. இன்றேல் வரைந்த வட்டம் நீள்வட்டமாகும். அழுத்தம் எவ்வளவுக்குக் கோடு எவ்வளவு பருக்க வேண்டும் என்பதை அவரவர் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கலத்தின் எழுத்தை விரும்புவோர், மென்பொருளிலே தட்டைநுனித் தூரிகையை ஒரே சாய்வில் நிலைநிறுத்திக்கொள்வர். கடற்கரை ஊர்களிலே மணற்றுகள் பலகையைக் கீறுமாதலால், எழுதுமுன் துடைத்தலும் எழுதியபின் மூடிவைத்தலும் வேண்டும். பேனா நுனி தேயும். மாற்று நுனிகள் கிடைக்குமா என வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். இவை யாவற்றினும் முதன்மையானது பயிற்சி. திண்ணைப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியவாறே, நேர்கோடும் வட்டமும் சுழியும் நாள்தோறும் வரைந்தால், கண் கையைத் தேடுவது சில கிழமைகளில் நின்றுவிடும்.

2020 ஆம் ஆண்டிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கரும்பலகையை இழந்த ஆசிரியர் பலருக்கு உலகெங்கும் இக்கருவி கைகொடுத்தது. அன்று திரையில் தோன்றிய கையெழுத்து, அச்செழுத்தினும் அண்மையாக மாணாக்கரைச் சென்றடைந்தது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையிலும் இதற்கு வேலையுண்டு. பூவேலை தறிக்கு ஏறுமுன் கட்டங்களிலே வரையப்பட வேண்டியது. ஒரு கட்டம் பிழைத்தால் முழுத்தாளையும் மாற்றி வரையும் இடரை மின்வரைபலகை நீக்கும். 1995 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் ஒலுவிலில் இருக்கின்றது. இளைஞர் கணினி கற்க அயலூர் செல்ல வேண்டியதில்லை. குறைவாயிருப்பது கையெழுத்துப் பயிற்சியே.

அறபுத் தமிழின் வழக்கு இருபதாம் நூற்றாண்டிலே அருகியது. பழைய பிரதிகளைப் படிக்க வல்லாரும் குறைந்தனர். அவற்றின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, புள்ளி பிசகாமல், மின்வரைபலகையிலே திரும்ப வரைந்து பழகும் ஒரு மாணவி, ஓவியம் மட்டுமன்றித் தன் ஊரார் எழுதிய மொழியையும் கற்றவளாவாள். ஓலையிலே விடுபட்ட புள்ளி எத்தனை அறிஞரை அலைக்கழித்தது என்பதை வரலாறு காட்டிவிட்டது. இன்றைய கருவி எந்தப் புள்ளியையும் விடுக்குமாறு எழுதுவோரை நெருக்குவதில்லை. இனி ஒரு புள்ளி விடுபடுமாயின், பழியைக் கருவிமீது சுமத்த இயலாது.