மிச்செல் இயோ

மிச்செல் இயோ (பிறப்பு: 6 ஆகஸ்ட் 1962) மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில் பிறந்த திரைப்பட நடிகை. சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை வென்ற முதல் ஆசியர். இங்கிலாந்தில் நடனம் பயின்று, ஹாங்காங் சண்டைப் படங்களில் பெயர் பெற்று, அங்கிருந்து ஹாலிவுட் சென்றவர்.

இளமையும் கல்வியும்

ஈயச் சுரங்கங்களால் செழித்த ஈப்போவில் வழக்கறிஞரும் மேலவை உறுப்பினருமான இயோ கியான் தெய்க்கின் மகளாகப் பிறந்தார். நான்கு வயதில் பாலே நடனம் கற்கத் தொடங்கினார். மெயின் கான்வென்ட் பள்ளியில் படித்தார். 15 வயதில் இங்கிலாந்து சென்று, செஸ்டர் நகரின் ஹேமண்ட் பள்ளியிலும் பின்னர் லண்டனிலும் நடனம் பயின்றார். முதுகெலும்பில் பட்ட காயம் மேடைக் கனவை முறித்துப்போட்டது. படிப்பை விடாமல், நாடகத்தைத் துணைப்பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றார்.

ஊர் திரும்பியவரின் பெயரை அவருக்குத் தெரியாமலேயே அழகிப் போட்டிக்கு அனுப்பியவர் அவருடைய தாயார். 1983இல் மலேசிய அழகி பட்டம் கிடைத்தது. ஜாக்கி சானுடன் நடித்த ஒரு கைக்கடிகார விளம்பரம் ஹாங்காங் திரையுலகின் கதவைத் திறந்தது.

சண்டைப் படங்கள்

முறையாகத் தற்காப்புக் கலை பயிலாதவர். அடியையும் உதையையும் நடன அடவுகளைப் போலவே எண்ணி எண்ணிப் பழகினார். 'யெஸ், மேடம்' (1985) அவரை நாயகியாக்கியது. 1988இல் தயாரிப்பாளர் டிக்சன் பூன் என்பவரை மணந்து நடிப்பை விட்டார்; 1992இல் மணமுறிவுக்குப் பின் ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி 3' படத்தில் திரும்பி வந்தார். அதில் மோட்டார் சைக்கிளோடு ஓடும் ரயில்மீது பாய்ந்தது அவரேதான், டூப் அல்ல.

உலக அரங்கில்

1997இல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டுமாரோ நெவர் டைஸ்', 2000இல் ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்'. மாண்டரின் தெரியாததால் ஆங் லீ படத்தின் வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்தார். படப்பிடிப்பில் முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடித்து முடித்தார். 2011இல் 'தி லேடி' படத்தில் ஆங் சான் சூச்சியாக வாழ்ந்தார். பேராக் சுல்தான் 2001இல் டத்தோ பட்டமளித்தார். 2013இல் டான் ஸ்ரீ பட்டமும் பெற்றார்.

ஆஸ்கர்

மிச்செலுக்கு முன், 1935இல் வெளிவந்த 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் பிரிட்டிஷ் நடிகை மெர்ல் ஓபரான். பம்பாயில் பிறந்த அவர், தம் ஆசியப் பூர்வீகத்தை வெளியே சொல்ல முடியாமல் மறைத்தே வாழ்ந்தார். 2023 மார்ச் 12 அன்று, 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்காக மிச்செல் மேடையேறியபோது அவருக்கு வயது 60. அன்று கோலாலம்பூர் திரையரங்கு ஒன்றில் உறவினர்கள் சூழ அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாற்பது ஆண்டுகளுக்கு முன் மகளின் பெயரைப் போட்டிக்கு அனுப்பிய அந்தத் தாயார்.