ஓடு வேய ஓர் அனுமதி



மொட்டைமாடியை எங்கள் நாஞ்சில் நாட்டார் ‘மட்டுப்பா’ என்பார்கள். அண்மையில் என் வீட்டு மட்டுப்பாவின் ஓரத்தில் காற்று வாங்க ஒரு சிறு தாழ்வாரம் இறக்க எண்ணி, அதற்கான அனுமதிக்கு விண்ணப்பித்தேன். பட்டா கேட்டார்கள், வரைபடம் கேட்டார்கள், அண்டை வீட்டுச் சுவருக்கும் என் சுவருக்கும் இடையே விட்ட இடம் எத்தனை அடி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தாம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் ஒருவன் மாடி எழுப்ப விரும்பியிருந்தால், அவனிடம் என்ன கேட்டிருப்பார்கள்? இன்று அதனைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி. அந்நாட்டின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் தக்கலைக்கு அருகில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் அங்கே சென்றிருக்கலாம். அவ்வரண்மனையில் உப்பரிகை மாளிகை என்றொரு பகுதி உண்டு. மார்த்தாண்டவர்மர் 1750ஆம் ஆண்டளவில் கட்டுவித்த அது நான்கு நிலைகள் கொண்டது. மேல்நிலை, குடிகள் வணங்கும் பத்மநாபசுவாமிக்கு உரியது என வகுக்கப்பட்டது. மரத்தில் அத்தனை நுட்பமாய் இழைத்த கட்டடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே.

அரசன் நான்கு நிலை மாடம் எழுப்பிய அந்நாட்டில் குடிமகன் தன் கூரைக்கு ஓடு வேய வேண்டுமானாலும் அரசனின் அனுமதி வேண்டும். உயர்ந்தவர் எனப்பட்ட நாயர்களும் இதற்கு விலக்கல்லர். அரசாணையை அக்காலத்தில் ‘நீட்டு’ என்றனர். பொன்நகை அணிதல், பல்லக்கில் ஏறுதல் போன்ற சிறப்புரிமைகளும் இவ்வாறே அரசனின் அருளைச் சார்ந்திருந்தன. அருளுக்கு விலையும் உண்டு. அதற்கு அடியறைப் பணம் என்று பெயர். இன்று நாம் கட்டும் அனுமதிக் கட்டணத்தோடு அதனை ஒப்பிட வேண்டா. இது கட்டடத்தைப் பார்க்கும் செலவுக்கு. அது ஆளின் மதிப்புக்கு.

பணம் இருந்தாலும் அனுமதி கிட்டாதவர்கள் பலர். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் என்பார் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தருமபூமி என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. அந்நூலில், அந்நாள் சாணார் எனப்பட்ட நாடார் மக்களுக்கு இருந்த தடைகளை அவர் வரிசைப்படுத்துகிறார்: குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன் பூணலாகாது, பசுவில் பால் கறக்கலாகாது, ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டலாகாது. தலைப்பையும் இப்பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

கட்டடத்துக்கு மட்டுமன்று, கட்டடத்தின் பெயருக்கும் அளவு வகுத்திருந்தார்கள். அரசன் வாழ்வது கோவிலகம். நம்பூதிரி வாழ்வது இல்லம். நாயர் வாழ்வது வீடு. புலையர் வாழ்வது சாளை. அதனோடும் நிற்கவில்லை. தாழ்த்தப்பட்டவர் மேலோர் முன் தம் இருப்பிடத்தைக் குறிப்பிட நேர்ந்தால், குப்பைமேடு என்னும் பொருள்படத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். நாற்பதாண்டு வகுப்பறையில் நின்ற எனக்கு, வரிகளைக் காட்டிலும் இதுவே பெருங்கொடுமையாகத் தோன்றுகிறது. ‘என் வீடு’ என்பது குழந்தை முதலில் எழுதிப் பழகும் கட்டுரைத் தலைப்பு அன்றோ?

இத்தடை எப்போது தளர்ந்தது? 1815 முதல் 1829 வரை ஆட்சியை நடத்திய ராணி கௌரி பார்வதிபாயின் காலத்தில். கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817இல் ஆணையிட்டவர் அவரே. குடிகள் யாவரும் ஓடு வேய்ந்துகொள்ளலாம் என்றும், நகை அணிவதற்கு அடியறைப் பணம் கொடுக்க வேண்டா என்றும் அவர் ஆட்சியில் விளம்பரங்கள் வெளிவந்தன. அவருக்கு முன்பே, 1810 முதல் சில ஆண்டுகள், கர்னல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்து ஆட்சி முறையை மாற்றத் தொடங்கியிருந்தார். ராணியின் கருணையா, ரெசிடெண்டின் நெருக்குதலா என்று ஆராய்வோர் உண்டு. இரண்டும் என்றே நான் கொள்கிறேன்.

ஆணை வந்தவுடன் ஊர் மாறிவிடவில்லை. தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை போராட வேண்டியிருந்ததை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அடிமை முறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. உடையில் அத்தனை எதிர்ப்புக் காட்டிய ஊர், கூரையில் மட்டும் மனமுவந்து வழிவிட்டிருக்கும் என்று நம்புவதற்கில்லை.

இன்னொரு தடையும் இருந்தது. அது சட்டத்தில் எழுதப்படாதது. ஓடு வேய உரிமை வந்தாலும் ஓடு வாங்கப் பணம் வேண்டும். ஓட்டின் பாரத்தைத் தாங்கச் சுவரும் கழிக்கோலும் வேண்டும். பனையோலைக்கோ மண்சுவரே போதும். பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். இயந்திரத்தில் அழுத்திச் செய்த தட்டோடு அதன்பின் மேற்குக் கரையெங்கும் பரவியது. பள்ளிக் கட்டடங்களும் கோயில்களும் கடைகளும் முதலில் சிவந்தன. உழைப்பாளியின் குடில் மிகப் பிந்தியே சிவந்தது. நான் சிறுவனாயிருந்த 1960களில்கூட எங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் ஓலை மாற்றும் வீடுகள் ஏராளம். சித்திரை வெயிலில் அடுப்புப் பொறி ஒன்று பறந்தால் வரிசையாய்ப் பல வீடுகள் எரியும். ஓடு ஆடம்பரம் அன்று, உயிர்க்காப்பு என்பதை அப்போது கண்டவர் அறிவர்.

குடிசையை மாற்றும் பணியில் பின்னர் அரசே இறங்கியது. தமிழக அரசு 2024இல் கலைஞர் கனவு இல்லம் என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஊரகக் குடிசைவாசிகளுக்கு வீடு ஒன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் என ஒதுக்கியது. அதன் விதிகளில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வீட்டின் பரப்பு 360 சதுர அடி இருக்க வேண்டும். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைதான் போட வேண்டும். எஞ்சிய 60 சதுர அடியிலும் ஓலைக் கூரை கூடாது.