உருபும் சொல்வரிசையும்

தில்லி ஜனக்புரியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உண்டு. 2020இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த சமஸ்கிருத நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. இலக்கணத்துக்குப் பஞ்சமில்லாத அவ்விடத்திலும், நம் வீட்டுப் பிள்ளைகள் சில வேளை "நாய் பூனை துரத்தியது" என்று சொல்லக் கேட்கிறோம். துரத்தியது எது, ஓடியது எது? முன் நின்ற சொல்லை எழுவாயாகக் கொண்டு ஒருவாறு பொருள் செய்துகொள்கிறோம். உருபின் வேலையை அங்கே வரிசை செய்கிறது. "பூனையை நாய் துரத்தியது" எனின், நாயையும் பூனையையும் இடம் மாற்றி வைப்பினும் ஓடியது பூனையே.

இந்த இடர்ப்பாட்டைத் தொல்காப்பியர் நன்கு அறிந்திருந்தார். தொடரின் இறுதியில் பெயர் நிற்குமானால், ஐ, கண் என்னும் இரண்டு பொருளில் அன்றி, ஏனைய வேற்றுமை உருபுகள் மறைந்து வாரா என்று சொல்லதிகாரத்தில் வரையறுத்தார். "கடந்தான் நிலம்" எனலாம். நிலத்தை என்பது தானே விளங்கும். "வெட்டினான் வாள்" என்றாலோ, வாளால் வெட்டினான் என்ற பொருள் கிட்டாது. வாளையே வெட்டினான் போலும் என்று மயங்குவோம்.

உரையாசிரியர்கள் காட்டும் "புலிகொல் யானை" இன்னும் சுவையானது. கொன்றது புலியா, யானையா? இங்கே வரிசையும் நம்மைக் கைவிடுகிறது. பின்வரும் சொல்லால் தெளிக என்பது இலக்கணம் காட்டும் வழி. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் மாண்டது புலி. யானையின் கோடு வந்தது என்றால் மாண்டது யானை.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் வேற்றுமை விகுதிகள் நிறைந்த மொழியே. இடைக்காலத்தில் அவை தேய்ந்தன; எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசை இறுகியது.

மருத்துவர் சாமன்ஹோப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ, மனிதர் திட்டமிட்டு அமைத்த மொழி. அதில் செயப்படுபொருளுக்கு 'ன்' என்னும் ஈறு உண்டு. ஆகவே சொற்கள் இடம் மாறலாம். கற்போருக்கு அது தொல்லை என்ற முறையீடு எழவே, 1894இல் அவரே முன்வைத்த திருத்தங்களில் அவ்வீற்றையும் நீக்கினார். வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் பழைய மொழியே போதும் என்றனர். 1907இல் அதிலிருந்து பிரிந்த இடோ மொழி ஒரு சமரசம் கண்டது: செயப்படுபொருள் எழுவாய்க்கு முன் வந்தால் மட்டும் அந்த ஈறு வேண்டும். தொல்காப்பியர் கையாண்ட வழியை ஒத்தது இது என்று சொல்லத் தோன்றுகிறது. இடத்தைப் பார்த்தே உருபுக்கு விடுமுறை!

வீட்டில் நாம் செய்வது சிறிதே. பிள்ளை ஐயை விழுங்கினால், "எது எதைத் துரத்தியது?" என்று கேட்கிறோம். விடையில் பெரும்பாலும் உருபு திரும்பி வந்துவிடுகிறது.