ஏஐ மாதிரிகளுக்கு வேடம் தருதல்

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் கேள்வி கேட்பதற்கு முன், அது யாராக இருந்து பேச வேண்டும் என்று சொல்லிவிடுவதே வேடம் தருதல். "நீ பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர். விடையைச் சொல்லிவிடாதே, அடுத்த படிக்கு மட்டும் குறிப்புக் கொடு" என்று எழுதி, கூடவே ஓர் இருபடிச் சமன்பாட்டையும் கொடுத்தால் போதும். வேடம் இல்லாவிட்டால் முழுத் தீர்வையும் கொட்டிவிடும் மாதிரி, இப்போது "காரணிப்படுத்திப் பார்த்தாயா?" என்று திருப்பிக் கேட்கும்.

கணினி வேடம் போடுவது புதிதல்ல. 1966-இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் அறிமுகப்படுத்திய எலைசா என்ற நிரல், மனநல ஆலோசகரைப் போல உரையாடியது. சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி உருவாக்கிய பாரி என்ற நிரல், யாரையும் சந்தேகிக்கும் மனநோயாளியாகப் பேசியது. அந்த வேடங்களை நிரலாளர்தான் எழுத வேண்டியிருந்தது. இன்று இரண்டு வாக்கியம் எழுதத் தெரிந்த எவரும் எழுதலாம். சாட்ஜிபிடியை 2023 மார்ச்சில் மென்பொருள் உருவாக்குநர்களுக்குத் திறந்துவிட்ட ஓபன்ஏஐ, இதுபோன்ற அறிவுறுத்தல்களுக்கு 'சிஸ்டம்' செய்தி என்று தனி இடம் வைத்தது.

வேடம் பதிலை மாற்றுவது எப்படி? மாதிரி, முன்னால் உள்ள சொற்களைப் பார்த்து அடுத்த சொல்லைக் கணிக்கிறது. 'ஆசிரியர்' என்று வந்துவிட்டால், ஆசிரியர்கள் பேசுவதாக அது படித்த உரைகளின் சாயல் பதிலில் ஏறுகிறது. தொனியும் அளவும் வடிவமும் மாறுகின்றன.

அறிவு கூடுகிறதா என்பது வேறு கேள்வி. 162 வேடங்களைக் கொடுத்துத் தகவல் சார்ந்த கேள்விகளைக் கேட்ட ஓர் ஆய்வில், வேடத்தால் பொதுவாகத் துல்லியம் உயரவில்லை. 'நீ தலைசிறந்த மருத்துவர்' என்று எழுதிவிட்டு மருந்தின் அளவைக் கேட்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: குரலில் உறுதி ஏறலாம், பதில் பழைய பதிலாகவே இருக்கலாம்.

இதைவிடக் கவலை தருவது, வேடத்தோடு சேர்ந்து வரும் பாகுபாடு. ஆலன் ஏஐ ஆய்வு நிறுவனத்தினர் பங்கேற்ற 2023-ஆம் ஆண்டு ஆய்வு, இனம், மதம், உடல் குறைபாடு போன்ற அடையாளங்களைச் சாட்ஜிபிடிக்குக் கொடுத்துப் பார்த்தது. 'கறுப்பினத்தவருக்குக் கணக்கு வராதா?' என்று நேரடியாகக் கேட்டால் மாதிரி அதை மறுத்தது. கறுப்பினத்தவராகவே பேசச் சொல்லிக் கணக்குக் கொடுத்தபோதோ, தனக்கு அந்த அறிவு இல்லை என்று ஒதுங்கிக்கொண்ட பதில்களும் வந்தன. சோதித்த வேடங்களில் 80 விழுக்காட்டில் இப்படிப்பட்ட சாய்வு தென்பட்டது. சாய்வு வெளிப்படையாகத் தெரியாமல், வெறும் தவறான விடையாக மட்டும் வந்த இடங்களும் இருந்தன. பதிலை வாசிப்பவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதே கேள்வியை வேடம் இல்லாமலும் கேட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.