ஒன்பது கேள்விகளில் இல்லாதது

எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான். எம். புதுப்பட்டியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்த என் சித்தி, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கமில்லை என்று வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்து சத்து மாத்திரையோடு திரும்பினாள். எத்தனை சரம் முடித்தாள் என்பது மட்டும் தினமும் நோட்டில் ஏறியது. அவளைப் பற்றி யாராவது வைத்திருந்த கணக்கு அது ஒன்றுதான்.

மனச்சோர்வையும் எண்ணிவிடலாம் என்று 2001இல் அமெரிக்காவில் ஒரு தாள் வந்தது. பெயர் பிஎச்க்யூ-9. கடந்த 2 வாரங்களில் தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா, செத்துவிடலாம் என்று தோன்றியதா என ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பேச்சு வைத்தியம் பலித்ததா என்பதைப் பல நாடுகளில் இந்தத் தாளை வைத்தே சொல்கிறார்கள். அதில் ஒரு கேள்வி, அலுப்பாக இருக்கிறதா என்பது. விடியுமுன் உலை வைத்துவிட்டு வேன் ஏறுகிறவள் எதற்கு மதிப்பெண் போடுவாள், நோய்க்கா வேலைக்கா? சித்தியாக இருந்தால் சிரித்திருப்பாள்.

அந்தச் சந்தேகத்தோடுதான் கோவா ஆய்வைப் படித்தேன். விக்ரம் படேலும் சங்காத் அமைப்பினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கடும் மனச்சோர்வு கண்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு அதோடு 6 முதல் 8 முறை பேச்சு. பேசியவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். 3 மாதம் கழித்து, யார் எந்தப் பிரிவு என்று அறியாதவர்கள் போய்க் கேட்டார்கள். தாளில் 10க்குக் கீழே இறங்கியவர்கள் பேச்சு கிடைத்த பிரிவில் 64 சதவீதம், மற்றதில் 39. 2017இல் லான்செட் இதழில் வந்தது.

இந்த எண்களைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கணவனிடம் அடிபட்டதையும் பெண்களிடம் தனியாகக் கேட்டுக் குறித்திருக்கிறார்கள். பேச்சு கிடைத்த பெண்களிடம் அது குறைவாக இருந்தது. ஒன்பது கேள்விகளில் அடி கிடையாது. யாரோ கேட்க நினைத்ததால் அது கணக்கில் வந்தது. உறுத்தலும் உண்டு: வைத்தியம் நடந்தது அவளுக்கு, அடித்தவனுக்கு அல்ல. அவள் தேறினால் அவன் திருந்துவான் என்று இதை யாரும் வாசித்துவிடக் கூடாது.

சித்தி கடைசிவரை முழங்கை மறையும் ரவிக்கைதான் போட்டாள். ரத்த அழுத்தம் பார்க்க அதை மேலே ஏற்றிவிட்டவர்கள்கூட ஒன்றும் கேட்கவில்லை.