மருந்துக்கு முன்பே இருந்த செல்

இந்த எபிசோடைப் பெரம்பலூர் மாவட்டத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர்னு ஒரு ஊர். அங்கே சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கு. தொட்டுப் பார்த்தா கல்! சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கம் கடல் இருந்தது. மரம் வண்டலில் புதைந்து கல்லாச்சு. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கவனித்து வெளியுலகுக்குச் சொன்னார்.

அந்தக் கடலை யாரும் பார்த்ததில்லை. மிச்சம் கிடப்பதை வைத்து நடந்ததைச் சொல்றோம். பக்கத்து அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகளிலும் இதே கணக்குதான்: கீழடுக்கு முதலில் படிந்தது, மேலடுக்கு பிறகு.

இன்னைக்கு நம்ம விஷயம் புற்றுநோய்க் கட்டி. அதன் முதல் செல் எப்போ வழி மாறியதுன்னு பார்த்தவர் யாரும் இல்லை. ஆபரேஷன் அன்னைக்கு கையில் கிடைக்கும் துண்டை வைத்துத்தான் அதன் வரலாற்றைப் படிக்கணும். அப்படிப் படிக்க உதவுவது புள்ளியியல்.

இது ஏன் முக்கியம்? பெரம்பலூர், அரியலூர்ல இருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்காக பஸ் ஏறுற குடும்பங்கள் உண்டு. கீமோ கொடுத்ததும் கட்டி சுருங்கும். வீட்டுல நிம்மதி. சில மாசம் கழிச்சு திரும்ப வளரும். உடனே வரும் கேள்வி: “நாம என்ன தப்பு பண்ணினோம்? பத்தியம் சரியா இருக்கலையா? மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சா?”

இந்தக் கேள்விக்கான பதில், புற்றுநோயே சம்பந்தப்படாத ஒரு சோதனையில் தொடங்குது.

1943. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம். சால்வடோர் லூரியா பாக்டீரியா மேல வைரஸைப் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தார். பெரும்பாலான பாக்டீரியா சாகும், சிலது தப்பிக்கும். தப்பிக்கும் திறமை வைரஸைப் பார்த்த பிறகு வந்ததா, இல்லை முன்னாடியே இருந்ததா? ஒரு விருந்தில் நண்பர் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. பல முறை ஒண்ணும் வராது, என்னைக்காவது ஒரு முறை கொட்டும்.

அவர் பாக்டீரியாவைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தார். வைரஸைப் பார்த்த பிறகுதான் திறமை வருதுன்னா, எல்லாக் குழாயிலும் தப்பிப்பவர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒண்ணாவே இருக்கணும். முன்னாடியே தற்செயலா வந்ததுன்னா, பல குழாயில் ஒண்ணும் இருக்காது. ஆனா அந்த மாற்றம் சீக்கிரமே வந்த ஏதோ ஒரு குழாயில், வாரிசுகள் பெருகி நூற்றுக்கணக்கில் இருக்கும். நடந்தது இரண்டாவதுதான். மாக்ஸ் டெல்ப்ரூக் அதற்குக் கணிதம் எழுதிக்கொடுத்தார். 1969-ல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கவனிங்க, விடை சராசரியில் இல்லை. குழாய்க்குக் குழாய் எவ்வளவு வித்தியாசம் என்பதில்தான் இருந்தது.

1976-ல் பீட்டர் நோவெல் இதே பார்வையைக் கட்டிக்குக் கொண்டுவந்தார். கட்டி ஒரு செல்லில் தொடங்கினாலும், பிரியப் பிரிய புதுப்புது மரபணு மாற்றங்கள் சேரும், வெவ்வேறு வாரிசுக் கூட்டங்கள் உருவாகும், பிழைக்கக்கூடியது பெருகும். 1979-ல் கனடாவின் ஜேம்ஸ் கோல்டி, ஆண்ட்ரூ கோல்ட்மன் இருவரும் லூரியாவின் கணக்கையே கீமோவுக்குப் போட்டார்கள். கட்டி பெரிதாகப் பெரிதாக, மருந்துக்கு அடங்காத செல் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வாய்ப்பு ஏறுது. அப்போ ஒரே மருந்தை நம்பாம, பல மருந்துகளைச் சீக்கிரமே சேர்த்துக் கொடுக்கணும். இன்றைய கூட்டு கீமோவுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கு.

சரி, உள்ளே எத்தனை கூட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கட்டித் துண்டில் இருக்கும் டி.என்.ஏ.வைப் பல முறை படிப்பாங்க. ஒரு மாற்றம் எல்லாப் புற்றுச் செல்லிலும், இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்தால், 100 முறை படிச்சா சுமார் 50 முறை தெரியும். ஐந்தில் ஒரு செல்லில் மட்டும்னா சுமார் 10 முறை. துண்டில் கலந்திருக்கும் நல்ல செல்களையும் கழிச்சுத்தான் இந்தக் கணக்கு.

எது முதலில் வந்தது? இதுக்கு ஒரு கிராமக் கணக்கு போதும். 100 வீட்டில் 80 வீட்டில் மாடு, 60 வீட்டில் ஆடு. அப்போ குறைஞ்சது 40 வீட்டில் இரண்டும் இருந்தே ஆகணும். கட்டியிலும் அப்படியே. ஒரு மாற்றம் 80 சதவீதச் செல்லில், இன்னொன்று 60 சதவீதச் செல்லில் இருந்தால், இரண்டையும் சுமக்கும் செல்கள் கண்டிப்பா உண்டு. ஒவ்வொரு மாற்றமும் ஒரே முறைதான் உருவாகி வாரிசுகளுக்குப் போச்சுன்னு எடுத்துக்கிட்டா, 60-க்காரர்கள் 80-க்காரர்களின் வம்சம். எல்லாச் செல்லிலும் இருக்கும் மாற்றம் அடிமரம், சிலதில் மட்டும் இருப்பது கிளை. அரியலூர்ப் பாறையில் கீழடுக்கு, மேலடுக்கு பார்க்கிற அதே யோசனைதான்.

2012-ல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டன் குழு சிறுநீரகக் கட்டியைப் பல இடங்களில் வெட்டிப் படித்தது. கண்டுபிடித்த மாற்றங்களில் 63 முதல் 69 சதவீதம் எல்லாப் பகுதிகளிலும் இல்லை. அதாவது, ஒரே ஒரு பயாப்சி ஒரு கிளையை மட்டும் காட்டி ஏமாற்றலாம். நோய் திரும்பும்போது டாக்டர் “இன்னொரு பயாப்சி பார்க்கலாமே”ன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். மேற்கு வங்கத்தின் கல்யாணியில் இருக்கும் தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர் பார்த்தா மஜும்தார். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலிருந்து வந்தவர். புகையிலை, பாக்கு அடக்கி வைக்கும் கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்றுநோயை அவரும் மும்பை டாட்டா மையத்தினரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2013-ல் 110 நோயாளிகளின் தரவு வெளியானது. தெரிந்த மரபணுக்களோடு, இந்த வகைக்கே உரியதாக ஐந்து மரபணுக்களும் கிடைத்தன. வெளிநாட்டுப் பட்டியலை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தா இவை கண்ணில் பட்டிருக்காது. 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி, 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களைப் படித்த தரவைப் பொதுவில் வைத்தது.

தமிழ்நாட்டுக்கு எண்ணும் பழக்கம் புதுசு இல்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிறுவனம், 1980-களிலேயே சென்னையின் நோயாளிகளைப் பதிவேட்டில் எண்ண ஆரம்பித்தது. பிறகு அந்தப் பதிவேடு மாநிலம் முழுக்க விரிந்தபோது பெரம்பலூரும் அரியலூரும் அதில் வந்தன. அது ஊருக்கு ஊர் வித்தியாசத்தைச் சொல்லும் கணக்கு. கட்டிக்குள் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லும் கணக்கும் நம்ம ஊர் நோயாளி வரைக்கும் வரணும். அதுதான் அடுத்த வேலை.

அதுவரைக்கும், நோய் திரும்பின வீட்டுக்கு நீங்க தைரியமாச் சொல்லக்கூடியது ஒண்ணு உண்டு. சிகிச்சை நடக்கும்போது புதுசா வரும் மாற்றங்களும் இருக்கத்தான் செய்யுது. ஆனா பல நேரங்களில், மருந்துக்கு அடங்காத அந்தச் செல் முதல் ஊசி போடுறதுக்கு முன்னாடியே உள்ளே இருந்தது. அது பத்தியத்தில் நடந்த தப்பு இல்லை. யாரோட தப்பும் இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.